பாடக் குறிப்பில் இல்லாத பக்கம்



ஒக்டோபர் 6ஆம் திகதி நமக்கு ஆசிரியர் தினம். அது நெருங்க நெருங்க எங்கள் தபாலில் கவிதைகள் வரத் தொடங்கிவிடும். ஆசிரியர் மெழுகுவர்த்தி, ஆசிரியர் ஏணி, ஆசிரியர் தோணி, ஆசிரியர் கலங்கரை விளக்கம். எழுதியவர்கள் மாணவர்கள்; அல்லது ஒருகாலத்தில் மாணவர்களாக இருந்து இன்று கனடாவிலோ கட்டாரிலோ இருப்பவர்கள். அன்பில் குறைவில்லை. முடிந்தவற்றைப் போடுகிறோம். ஆனால் மெழுகுவர்த்தியிடமிருந்து ஒரு வரி வருவதில்லை. உருகுவது எப்படி இருக்கிறது, காற்றடித்தால் என்ன செய்கிறீர்கள், எரியவே மாட்டேன் என்று அடம்பிடித்த நாளும் உண்டா என்றெல்லாம் அதனிடம் யாரும் கேட்பதில்லை போலும்.

இந்த மாதம் நான் கேட்கிறேன். எல்லா ஆசிரியர்களிடமும்தான், என்றாலும் மனதில் வைத்து எழுதுவது வாகரைக் கோட்டத்துப் பாடசாலைகளில் படிப்பிப்பவர்களை. ஏன் வாகரை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆசிரியர்கள் எழுதுவதில்லை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். வேலைத்திட்டம், பாடக் குறிப்பு, வரவு இடாப்பு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் பதிவு, முன்னேற்ற அறிக்கை, கூட்டக் குறிப்பு, போதாததற்கு வலயத்திலிருந்து ‘இன்றே அனுப்பவும்’ என்று வட்ஸ்அப்பில் வந்து விழும் படிவங்கள். நாட்டில் வேறெந்தத் தொழில் செய்பவரும் இவ்வளவு கையால் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இவற்றில் ஒன்றுகூட எழுதியவருக்காக எழுதப்பட்டதில்லை. அதிபர் கையொப்பமிட, சேவைக்கால ஆலோசகர் பார்க்க, பணிப்பாளர் வந்தால் மேசையில் வைக்க. பாடக் குறிப்பு திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லும். என்ன நடந்தது என்று செவ்வாய்க்கிழமை கேட்பவர் கிடையாது. சில குறிப்புகளின் கடைசியில் ‘பிரதிபலிப்பு’ என்றோ ‘சுயமதிப்பீடு’ என்றோ ஒரு கட்டம் இருக்கும். ‘பாடம் வெற்றிகரமாக நடைபெற்றது’ என்று பாடத்துக்கு முதல் நாள் இரவே அதில் எழுதிவிடும் கெட்டிக்காரர்களையும் நமக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மேலதிகாரி பார்க்கும் கட்டத்தில் ‘இன்று என் பாடம் ஒருவருக்கும் விளங்கவில்லை’ என்று யார் எழுதுவார்?

இந்தக் கூச்சத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1862இல் இங்கிலாந்தில் வந்த திருத்திய கல்விச் சட்டக்கோவை, அரசாங்கப் பணம் பெறும் ஒவ்வொரு பாடசாலையிலும் தலைமை ஆசிரியர் ஒரு சம்பவப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றது. வந்தவர் போனவர், நோய், மழை, விடுமுறை எல்லாம் அதில் பதியலாம். ஆனால் பொதுவான சிந்தனைகளோ அபிப்பிராயங்களோ அதில் எழுதக்கூடாது என்று அதே கோவை வெளிப்படையாகத் தடையும் போட்டது. என்ன நடந்தது என்பது வேண்டும், அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பது வேண்டாம். நம்முடைய அதிபர் அலுமாரியில் இருக்கும் லொக் புத்தகம் அந்த மரபில் வந்த குழந்தைதான். தடை போட்டவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நாம் மட்டும் இன்னும் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறோம்.

கிழக்கிலங்கை ஆசிரியர்களுக்கு எழுத வராது என்று யாரும் சொல்ல முடியாது. நமது இலக்கியத்தில் பாதிப் பேர் சோக்குக்கட்டி பிடித்த கைகள். நீலாவணன் ஆசிரியர். எஸ்.பொ. ஆசிரியர். வாகரையிலிருந்து வெருகலைக் கடந்து வடக்கே போனால் வரும் மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினம் ஆசிரியர், ‘தோணி’ எழுதியவர். வயலையும் கடலையும் காதலையும் சாதியையும் எழுதித் தள்ளிய இவர்களின் பக்கங்களில், தினமும் ஐந்தாறு மணித்தியாலம் நின்ற வகுப்பறைக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். இது என் வாசிப்பு. மறுப்பவர்கள் எழுதுங்கள், சந்தோஷமாகப் போடுகிறேன். ஆசிரியர்களுக்கென்றே தெ. மதுசூதனனை ஆசிரியராகக் கொண்டு 2004இல் தொடங்கிய ‘அகவிழி’ சஞ்சிகை கல்விச் சிந்தனையைத் தமிழில் பேசவைத்த பெரிய முயற்சி. அதன் வழியில் கல்விக் கொள்கை, உளவியல், கலைத்திட்டம் பற்றியெல்லாம் வாசிக்க நமக்கு இப்போது நிறையக் கிடைக்கிறது. எனக்கு ஆசையாக இருப்பது அதைவிடச் சின்ன விடயம்: தரம் 4இல், புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில், ஒரு பிள்ளை சொன்ன பிழையான விடை.

இனி வாகரை.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர். மாங்கேணி, காயங்கேணி தாண்டி, பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறினால் ஒரு பக்கம் உப்பாற்றுக் களப்பு, மறுபக்கம் கடல் வாசம். அதற்கப்பால் வாகரை, பால்சேனை, கதிரவெளி. உள்ளே காட்டுப் பக்கம் திரும்பினால் கட்டுமுறிவு போன்ற ஊர்கள். அங்கே பாடசாலை நேரத்தை மணி தீர்மானிக்கிறதா யானை தீர்மானிக்கிறதா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். மீன்பிடி, நண்டு, இறால், கச்சான், சேனை, விறகு, தேன் என்று பிழைக்கும் குடும்பங்கள். கரையோர வேடர் வழிவந்த குடும்பங்களும் இந்தப் பிள்ளைகளில் உண்டு. கல்குடா வலயத்தின் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை இவைதான்.

இங்கே படிப்பிக்கும் ஆசிரியர்களில் பலர் வெளியூர். விடிய முதல் பஸ் ஏறி வருகிறார்கள், அல்லது வாரக் கடைசியில்தான் வீடு காண்கிறார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றபோது இவர்கள் பட்ட பாடு தனிக்கதை. கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடமாற்றக் கடிதம் வந்த கிழமை பிரியாவிடை, மாலை, ஒரு குழுப் படம். வரவு இடாப்பும் பாடப் பதிவேடும் புதியவரிடம் ஒப்படைக்கப்படும். ஒப்படைக்கப்படாதது ஒன்று இருக்கிறது. எந்தப் பிள்ளை ஏன் திங்கட்கிழமைகளில் வருவதில்லை, கச்சான் பிடுங்கும் காலத்தில் எந்தப் பாடத்தைத் தள்ளிவைப்பது புத்தி, பின்வாங்கில் பேசாமல் இருப்பவன் எந்தக் கேள்விக்கு வாய் திறப்பான் என்பதெல்லாம். நாலைந்து வருடத்தில் சேர்த்த அறிவு அந்த ஆசிரியருடனேயே பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. புதிதாக வரும் டீச்சர் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார். அவர் கண்டுபிடித்து முடிப்பதற்குள் அவருக்கும் கடிதம் வந்துவிடும். ஒரே விடயத்தை ஒரே ஊரில் முப்பது வருடமாக ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செலவைப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

என்ன மாதிரி எழுத்து என்று கேட்பீர்கள். கற்பனையாக ஒரு பக்கத்தை நானே எழுதிப் பார்க்கிறேன். ஒரு கணித டீச்சரின் பயிற்சிக் கொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“இன்று தரம் 7. பின்னம். 1200இன் நான்கில் மூன்று எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதினேன். வழமை போல முன்வரிசை மூன்று பேர். இரண்டாம் வரிசைப் பையனை எழுப்பினேன். ‘தெரியா டீச்சர்’ என்றான். தொகுதி எண், பகுதி எண் திரும்பவும் சொன்னேன். தலையாட்டினான். விளங்கவில்லை என்று தெரிந்தும் இருக்கச் சொன்னேன், நேரமில்லை. பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதே பையன் தகப்பனுடன் றோட்டோரம் நண்டு விற்றுக்கொண்டிருந்தான். கிலோ 1200. முக்கால் கிலோ தா என்றேன். நிறுத்துக்கொண்டே, ‘900 டீச்சர்’ என்றான். எப்படி என்று கேட்டேன். ‘அரைக் கிலோ 600, கால் கிலோ 300’ என்றான், இதையெல்லாம் கேட்பதா என்ற மாதிரி. காலையில் நான் கேட்டதும் இதே கணக்குத்தான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் உறைத்தது. நாளைக்குப் பின்னத்தை நிறையில் தொடங்க வேண்டும். அதிபரின் தராசு கன்டீனில் இருக்கிறது.”

இவ்வளவுதான். பத்து நிமிட வேலை. இதில் கல்வித் தத்துவம் எதுவும் இல்லை. ஆனால் மறுநாள் பாடம் மாறிவிடும். இதே கதையை ஆசிரியர் ஓய்வறையில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘அவன் வியாபாரத்தில விண்ணன், படிப்பில சைபர்’ என்று யாராவது சொல்ல, எல்லோரும் சிரித்து, தேநீர் முடிந்து, மணி அடித்திருக்கும். பேச்சு சீக்கிரம் தீர்ப்புக்கு வந்துவிடுகிறது. எழுதும்போது, நான் கேட்ட கேள்வி என்ன சொற்களில் இருந்தது, அவன் சொன்னது என்ன, நான் அடுத்து என்ன செய்தேன் என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கிறது. போகும் வழியில், தெரியாதது பிள்ளைக்கா கேள்விக்கா என்ற சந்தேகம் வந்தே தீரும். ஆசிரியர்கள் தங்களுக்காக எழுதத் தொடங்குவதற்கு உலகம் முழுக்க எத்தனையோ காரணங்கள் சொல்கிறார்கள். நான் பெரிதாக மதிப்பது இந்தச் சந்தேகத்தைத்தான்.

நண்டுக் கணக்கு என் கற்பனை என்றாலும் அதன் பின்னால் ஒரு மெய்யான ஆய்வு இருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரமும் கடலோரம்தான். அங்கே தெரேசின்ஹா நூனெஸ் கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடைகள் சரி. பிறகு அதே எண்களைத் தாளில் வெறுங்கணக்காகக் கொடுத்தார்கள். சரியானவை நூற்றுக்கு 37. ஒரு பையனிடம் பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டபோது, ஒன்று 35 என்றால் மூன்று 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210 என்று ஏறி ஏறி 350க்கு வந்து சேர்ந்தான். பின்னால் ஒரு பூச்சியம் போடு என்று பாடசாலை சொல்லிக்கொடுத்தது அவன் கைக்கு வரவில்லை, அவனுடைய வழியோ பிழைக்கவில்லை. 1985இல் வெளிவந்த இந்த ஆய்வு உலகெங்கும் கணிதம் படிப்பிப்பவர்களை யோசிக்கவைத்தது. மூன்று ஆய்வாளர்கள் தெருவில் இறங்கிக் கண்டதை வாகரையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் டீச்சர் கிழமைக்கொரு தரம் காண்கிறார். அவர் எழுதாததால் அது அவருக்கே மறந்துபோகிறது.

தொழிலில் தேர்ந்தவர்கள் சொல்லத் தெரிந்ததைவிட அதிகம் செய்யத் தெரிந்தவர்கள் என்று டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். களப்பில் வீச்சுவலை எறிபவரிடம் ஏன் கையைக் கொஞ்சம் திருப்பினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். ஆசிரியரும் அப்படித்தான் வகுப்பின் முகம் பார்த்துப் பாடத்தை நடுவில் திருப்புகிறார். வித்தியாசம் ஒன்றுதான்: வலைஞரின் மகன் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவான். ஆசிரியரின் பக்கத்தில் நின்று பார்க்க இன்னொரு ஆசிரியர் இல்லை. நாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் தொழில் இது.

தோல்வியை எழுதுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு கிஜுபாய் பதேக்காவைச் சொல்வேன். குஜராத்தில் வக்கீலாக இருந்து, பாவ்நகரில் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தவர். 1932இல் அவர் எழுதிய புத்தகம் தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் கிடைக்கிறது. ஓர் ஆசிரியர் தன் வாயால் சொல்லும் ஒரு வருடக் கதை. முதல் நாள் அவர் பெரிய திட்டத்தோடு வகுப்புக்குள் போகிறார். அமைதி விளையாட்டு, கதவைச் சாத்திக் கண்மூடி இருத்தல் என்று. பிள்ளைகள் கத்திக் கூச்சலிட்டு அதை நாசமாக்குகிறார்கள். கடைசியில் அவர் வகுப்புக்கு விடுமுறை விட்டு அனுப்புகிறார், தலைமை ஆசிரியருக்குக் கோபம் வருகிறது. கல்வி பற்றி இந்தியாவில் அதிகம் வாசிக்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று இப்படிக் கவிழ்ந்து விழுந்துதான் தொடங்குகிறது. மறுநாள் அவர் கதை சொல்கிறார், மீதி வருடம் அதிலிருந்து கிளைக்கிறது.

நம்மவர்களும் ஆசிரியரைப் புகழ்வதோடு நிறுத்தியவர்கள் அல்லர். ஏறத்தாழ 800 வருடங்களுக்கு முன் பவணந்தியார் நன்னூலில் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் தராசையும் பூவையும் உவமை சொன்னார். அதைத்தான் பரிசளிப்பு விழாக்களில் கேட்கிறோம். பக்கத்திலேயே ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் சொன்ன நாலு உவமைகளை மேடையில் யாரும் சொல்வதில்லை. கழற்சிக்காய் நிறைத்த குடம்: போட்ட வரிசை ஒன்று, கொட்டும் வரிசை வேறு. மடல் கழியாத பனை: தானாக விழுந்தால் பழம், ஏறிப் பறிக்க விடாது. பருத்தி அடைத்த குண்டிகை: கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், தேங்காய் விழுவது அடுத்த வளவில். வெள்ளிக்கிழமை பின்னேரம், இந்தக் கிழமை நான் இந்த நாலில் எதுவாக இருந்தேன் என்று ஒரு வரி எழுதினாலே போதும். வளைந்த தென்னை என்பது பணம் வாங்கி டியூஷனில் காய்ப்பவரைக் குறிக்குமா என்று என்னை வம்புக்கு இழுக்காதீர்கள். பவணந்தியாரைக் கேளுங்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், வாகரையை நினைத்தால் அவர் நினைவு வராமல் போகாது. நியூசிலாந்தின் ஒதுக்குப்புறப் பாடசாலைகளில் மாவோரிச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர். அரசாங்கம் கொடுத்த வாசிப்புப் புத்தகத்தில் வெள்ளைக்கார வீட்டு அம்மா, அப்பா, நாய்க்குட்டி. மாவோரிக் குழந்தைக்கு அது ஒட்டவில்லை. அவர் காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, உனக்கு இன்று என்ன சொல் வேண்டும் என்று கேட்டார். கேட்ட சொல்லை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். வந்த சொற்கள் பேய், முத்தம், பயம், அம்மா. மறுநாள் பிள்ளைக்கு அடையாளம் தெரியாத சொல்லை வீசிவிட்டார், அது அவனுடைய சொல் அல்ல என்று. எழுதி எழுதித்தான் இந்த முறையை அவர் திரட்டினார். அது 1963இல் ‘ஆசிரியர்’ என்ற பொருள்படும் பெயரோடு புத்தகமானது.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வாகரைப் பிள்ளைகளிடம் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன சொல் வந்திருக்கும்? 2006 நவம்பர் 8இல், போரால் இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் விழுந்தன. 40க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வருட இறுதியிலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும் சனம் காட்டாலும் கடலாலும் வெளியேறியது. முகாம் கொட்டில்களில் வகுப்பு நடந்தது. திரும்பி வந்த பிறகு பாடசாலைகள் மீண்டும் திறந்தன. தொகைகளும் திகதிகளும் அறிக்கைகளில் இருக்கின்றன. திறந்த முதல் நாள் காலை இடாப்புக் கூப்பிடும்போது பதில் வராத பெயரில் ஆசிரியர் என்ன செய்தார், அடுத்த பெயருக்கு எப்படிப் போனார் என்பது எந்த அறிக்கையிலும் வராது. அது அன்று இடாப்பைக் கையில் வைத்திருந்தவர்களிடம் இருக்கிறது. அவர்களில் பலர் இன்று ஓய்வுபெறும் வயதில். எழுதச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். சிலவற்றை எழுதாமல் இருப்பதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு. எழுத விரும்பினால் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பஸ்ஸில் எழுதலாம் என்று சொல்பவர் அந்த வீதி பஸ்ஸில் ஏறியதில்லை. தினமும் வேண்டாம். கிழமைக்கு ஒன்று, அதுவும் மனதில் முள்ளாகக் குத்திய வகுப்பு இருந்தால் மட்டும். பயிற்சிக் கொப்பியின் கடைசித் தாள் போதும். ஒரே ஒரு வேண்டுகோள்: இதைத் தயவுசெய்து எந்த அதிகாரியும் கட்டாயமாக்கிவிடாதீர்கள். ‘பிரதிபலிப்புக் கொப்பி வாரம் ஒருமுறை சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் அன்றோடு இது செத்தது. எல்லாப் பாடமும் மறுபடி வெற்றிகரமாக நடைபெறத் தொடங்கிவிடும்.

இதழில் என்ன செய்யப்போகிறோம் என்றால், அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் பெயர் போட விருப்பமில்லாவிட்டால் போடமாட்டோம். பாடசாலையின் பெயரை நீங்களே கேட்டாலும் போடமாட்டோம். பிள்ளையின் பெயர் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், ஊரில் அடையாளம் கண்டுபிடிக்கக்கூடிய விபரத்தையும் மாற்றிவிடுங்கள். வீட்டுப் பிரச்சினையை நம்பிச் சொன்ன பிள்ளையின் கதை அச்சுக்கு உரியதல்ல. அறிவுரை எழுதாதீர்கள், அது எங்களிடமே கையிருப்பில் நிறைய இருக்கிறது. கேட்ட கேள்வி, கிடைத்த விடை, நீங்கள் செய்தது, மறுநாள் செய்தது. பேச்சுத் தமிழ் வந்தால் வரட்டும், ‘தெரியா டீச்சர்’ என்பதை ‘தெரியாது ஆசிரியரே’ என்று திருத்தினால் எங்களுக்குக் கோபம் வரும்.

எண்பதுகளில் வாகரையில் படிப்பித்துவிட்டு இப்போது நகரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் சேர்மாரும் டீச்சர்மாரும் எழுதுங்கள். அன்றைக்குப் பாலம் எப்படி இருந்தது, தங்குமிடம் எது, யார் வீட்டில் சாப்பிட்டீர்கள், எந்தப் பாடத்தை எந்த மரத்தடியில் எடுத்தீர்கள். இன்று அதே பாடசாலையில் முதல் நியமனத்தோடு வந்து இறங்கியிருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை அதை வாசிக்க வேண்டும்.

கையெழுத்து மோசம் என்று தயங்க வேண்டாம். தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தி வளர்ந்த கண்கள் உங்களுக்கு. கவிஞர்களின் கையெழுத்தை வாசித்து வளர்ந்த கண்கள் எங்களுக்கு. சமாளித்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்